'வன்முறையற்ற பள்ளி' கேடயம்: அடிதடி குறைந்தது என்று எதை வைத்துச் சொல்வது?

#1 தாமிரபரணிக்கரை

நண்பர்களே, சில மாதங்களாக மனதில் கிடந்து உறுத்துகிற ஒன்றைக் கேட்கிறேன். நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் நெல்லைப் பக்கம் ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு வகுப்பாசிரியர். சென்ற கல்வியாண்டின் கடைசியில் எங்கள் பள்ளிக்கு 'வன்முறையற்ற பள்ளி' என்று ஒரு கேடயம் கிடைத்தது. கொடுத்த அமைப்பின் பெயர் இங்கே வேண்டாம். ஆண்டு முழுக்க அவர்கள் நடத்தியவை மூன்றே நிகழ்ச்சிகள்: உறுதிமொழி ஏற்பு, பேச்சுப்போட்டி, வெளியூர்க்காரர் ஒருவரின் ஊக்க உரை. முடிந்ததும் பிள்ளைகளிடம் ஒரு தாள் கொடுத்து 'நிகழ்ச்சி பிடித்திருந்ததா' என்று கேட்டார்கள். தலைமையாசிரியருக்கு ஒரு படிவம். அதில் 'இவ்வாண்டு நடந்த வன்முறைச் சம்பவங்கள்' என்ற கட்டத்தில் 0 என்று எழுதி அனுப்பினோம். கேடயம் வந்தது.

பள்ளி திறந்து மூன்றாவது வாரம், பேருந்து நிறுத்தத்தில் என் வகுப்புப் பையன் ஒருவனை நான்கு பேர் சேர்ந்து அடித்தார்கள். மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டது. கையில் சாதி அடையாளமாகக் கட்டியிருந்த கயிற்றின் நிறத்தில் தொடங்கிய சண்டை. விசாரித்தபோதுதான் தெரிந்தது, இது போன வருடத்திலிருந்தே நடந்துவந்திருக்கிறது. சைக்கிள் நிறுத்தும் இடம், கழிப்பறைச் சுவருக்குப் பின்பக்கம், மாலை பஸ். வகுப்பில் எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரிந்திருக்கிறது. எனக்குத் தெரியவில்லை. பிள்ளைகள் குறைகளை எழுதிப் போடும் 'மாணவர் மனசு' பெட்டியைத் திறந்து பார்த்தோம், ஒன்றும் இல்லை. பெட்டி தொங்குவது அலுவலக வாசலில். அங்கே போய் யார் சீட்டுப் போடுவார்கள்?

நாங்குநேரி எங்களுக்குத் தூரத்துச் செய்தி இல்லை. 2023 ஆகஸ்டில் பிளஸ் டூ படித்த ஒரு பையனை, கூடப் படித்தவர்களே வீடு தேடிப் போய் அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. அவன் படும் தொல்லை பள்ளிக்குத் தெரியவந்த பிறகுதான் அது நடந்தது. அதற்குப் பிறகு எங்கள் பக்கம் நல்லிணக்க நிகழ்ச்சி என்று யார் யாரோ வருகிறார்கள், போகிறார்கள், சான்றிதழ் தருகிறார்கள்.

என் கேள்வி இதுதான். ஒரு திட்டம் பள்ளியில் அடிதடியை உண்மையிலேயே குறைத்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? உலகத்தில் யாராவது இதை ஒழுங்காக அளந்திருக்கிறார்களா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 தறிவீடு

சார், அந்தப் பையன் இப்போது எப்படி இருக்கிறான்? பள்ளிக்கு வருகிறானா?

#3 தாமிரபரணிக்கரை

கட்டுப் பிரித்துவிட்டார்கள் அம்மா. வருகிறான். ஆனால் மாலை பஸ்ஸில் போவதில்லை. அப்பா வேலையை விட்டுவிட்டு வந்து கூட்டிப்போகிறார்.

#4 பழைய மணியோசை

நான் 31 வருடம் ஆசிரியராக இருந்தவன், கடைசி ஒன்பது வருடம் தலைமையாசிரியர். அந்த 0 பற்றி நான்தான் பேச வேண்டும், ஏனென்றால் நானும் அப்படி எழுதியிருக்கிறேன்.

3 என்று எழுதினால் என்ன ஆகும் தெரியுமா? மாவட்ட அலுவலகத்திலிருந்து தொலைபேசி வரும். 'என்ன சார், உங்கள் பள்ளியில் மட்டும்?' அப்புறம் விளக்கம் கேட்டு மெமோ. உள்ளூர்ப் பத்திரிகையில் ஒரு பெட்டிச் செய்தி. பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் 'பள்ளியின் பெயரைக் கெடுத்துவிட்டார்' என்ற பேச்சு. பக்கத்துப் பள்ளியில் நடப்பது எனக்குத் தெரியும், அவர் 0 எழுதியிருப்பார். ஒருமுறை இரண்டு பையன்கள் காம்பஸால் குத்திக்கொண்டார்கள். இரு வீட்டாரையும் உட்காரவைத்துப் பேசி முடித்து, பதிவேட்டில் ஏற்றாமல் விட்டேன். அதில் ஒருவன் அடுத்த வருடம் படிப்பை நிறுத்திவிட்டான். காரணத்தை நான் கேட்கவில்லை. அது இன்னும் என்னை விடவில்லை.

எண்ணிக்கை குறைந்தால் கேடயம், கூடினால் மெமோ என்று வைத்தால் எந்தத் தலைமையாசிரியரும் எண்ணமாட்டார்.

#5 வேப்பங்காற்று

மணியோசை ஐயா சொன்னதை எத்தனை கருத்தரங்கில் சொன்னாலும் இவ்வளவு தெளிவாக வராது. நன்றி ஐயா.

நான் பொதுச் சுகாதாரத் திட்டங்களை மதிப்பிடும் வேலையில் இருக்கிறேன். தாமிரபரணி சார் கேட்டதற்கு, ஆம், அளந்திருக்கிறார்கள். அதுவும் நம் நாட்டிலேயே. பீகாரில் நாலந்தா மாவட்டத்து அரசுப் பள்ளிகளில் 'சேஹர்' என்று ஒரு திட்டம். கோவாவின் சங்கத் அமைப்பும் மனநல ஆய்வாளர் விக்ரம் படேலும் சேர்ந்து நடத்தியது, முடிவுகள் 2018-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்தன. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் கேள்விக்கு நேரான பதில் இதில் இருக்கிறது.

74 பள்ளிகள், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள், மூன்று பிரிவு. எந்தப் பள்ளி எந்தப் பிரிவு என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானித்தார்கள். முதல் பிரிவில் ஒவ்வொரு பள்ளிக்கும் 'சேஹர் மித்ரா' என்று ஒருவர். பட்டப்படிப்பு முடித்த உள்ளூர் இளைஞர் அல்லது இளம்பெண், மனநல ஆலோசகர் பட்டமெல்லாம் கிடையாது. பயிற்சி கொடுத்து முழுநேரமும் அந்தப் பள்ளியிலேயே விட்டார்கள். இரண்டாவது பிரிவில் அதே வேலையை, அதே கையேட்டை வைத்து, பள்ளியின் ஆசிரியர் ஒருவரே செய்தார். மூன்றாவது பிரிவில் அரசின் வழக்கமான வளரிளம் பருவக் கல்வி மட்டும்.

என்ன வேலை? காலை வழிபாட்டில் பேசுவது, சுவர்ப் பத்திரிகை, பிள்ளைகள் குழுக் கூட்டங்கள், தனியாக வந்து பேச நினைக்கிற பிள்ளைக்கு ஒரு நேரம், அப்புறம் ஒரு பெட்டி. நம் 'மாணவர் மனசு' மாதிரியேதான். அதில் விழுகிற கேள்விகளுக்கும் குறைகளுக்கும் பள்ளி ஏதாவது செய்தாக வேண்டும்.

எட்டு மாதம் கழித்துப் பிள்ளைகளிடமே கேள்வித்தாள் கொடுத்துக் கேட்டார்கள். மித்ரா இருந்த பள்ளிகளில் பள்ளிச் சூழல் பெரிய அளவில் மேம்பட்டிருந்தது. சீண்டல், அடிவாங்குவது, அடிப்பது மூன்றும் குறைந்திருந்தன. மனச்சோர்வும் குறைந்திருந்தது. ஆசிரியர் நடத்திய பள்ளிகளில் என்ன ஆனது? ஒன்றுமே மாறவில்லை. வழக்கமான கல்வி மட்டும் நடந்த பள்ளிகளுக்கும் அவற்றுக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

கையேடு ஒன்று, பெட்டி ஒன்று, பாடம் ஒன்று. ஆள் மட்டும் வேறு. மூன்றாவது பிரிவு இல்லாமல், ஆசிரியர் நடத்திய பள்ளிகளுக்கு மட்டும் போய் 'நிகழ்ச்சி பிடித்திருந்ததா' என்று கேட்டிருந்தால், அவற்றுக்கும் ஒரு கேடயம் கிடைத்திருக்கும்.

#6 பழைய மணியோசை

படித்தேன். மனது வலிக்கத்தான் செய்கிறது. கடைசியில் ஆசிரியர்தான் சரியில்லை என்று வந்து நிற்கிறதா? எமிஸ் என்ற கல்வித் துறை இணையப் பதிவு, விலையில்லாப் பொருள் கணக்கு, தேர்தல் வேலை, ஸ்காலர்ஷிப்புக்கு வங்கிக் கணக்கு தொடங்குவது, எல்லாவற்றுக்கும் நடுவில் பாடம் முடிக்க வேண்டும். இதில் ஒரு மனநலக் கையேட்டையும் தலையில் வைத்தால் யாரால் ஓட முடியும்?

#7 வேப்பங்காற்று

ஐயா, குறை சொல்லவே இல்லை. நீங்கள் சொன்ன அதே காரணத்தைத்தான் நானும் முதல் விளக்கமாக எடுத்துக்கொள்கிறேன். பாடம் எடுப்பவருக்கு நேரம் இல்லை. இன்னொன்றும் இருக்கிறது. மதிப்பெண் போடுகிற, தேவைப்பட்டால் தண்டனை கொடுக்கிற ஒருவரிடம் போய் 'என்னை இன்னார் அடிக்கிறான்' என்று சொல்லப் பிள்ளைக்கு வாய் வராது. அந்த மித்ரா எந்தப் பாடமும் எடுப்பதில்லை, பிரம்பும் கையில் இல்லை.

நாங்குநேரிக்குப் பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்ததே, அதில் கயிறு, மோதிரம், நெற்றிக்குறிக்குத் தடை, பள்ளிப் பெயர்களில் சாதி நீக்கம் என்பவைதான் தொலைக்காட்சி விவாதங்களில் அடிபட்டன. எனக்கு முக்கியமாகப் பட்டது வேறொரு பரிந்துரை. 500 மாணவர்களுக்கு மேல் படிக்கும் பள்ளிகளுக்குப் 'பள்ளி நல அலுவலர்' என்று தனியாக ஒரு பணியிடம். ஆசிரியர் தலையில் கூடுதல் பொறுப்பாக வைக்காமல் தனி ஆள் கேட்டிருக்கிறார்கள். நாலந்தாவில் வேலைசெய்த வழியும் அதுவே. செலவாகும்தான். ஆனால் வேலைசெய்யாத வழிக்குச் செலவழிக்கும் பணமும் பணம்தானே.

#8 மழைநகர்

வணக்கம். நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து இப்ப நோர்வேயில் பேர்கன் நகரத்தில் இருக்கிறேன். என்ர இரண்டு பிள்ளைகளும் இங்கதான் படித்தவை. இந்த இழையைப் பார்த்ததும் எழுத வேண்டும் போல இருந்தது. பள்ளிக்கூடத்தில் பிள்ளையைப் பிள்ளை துன்புறுத்துவதை முதன்முதலாக ஒழுங்காக அளந்தது இந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தில் இருந்த டான் ஒல்வேயஸ் என்ற பேராசிரியர்தான்.

1982 கடைசியில் நோர்வேயின் வடக்கில், பத்துக்கும் பதினாலுக்கும் இடைப்பட்ட வயதுப் பெடியன்கள் மூன்று பேர் தற்கொலை செய்துகொண்டார்கள். சகமாணவரின் கொடுமைதான் காரணமாக இருக்க வேண்டும் என்று நாடே கதைத்தது. அடுத்த வருடமே கல்வி அமைச்சு நாடு முழுவதும் ஒரு இயக்கம் தொடங்கியது. அதோடு சேர்த்து ஒல்வேயஸ் பேர்கனில் 42 பள்ளிகளில் ஏறக்குறைய 2500 பிள்ளைகளைப் பின்தொடர்ந்தார். பேர் எழுதாத கேள்வித்தாள். 'கடந்த இரண்டு மாதத்தில் உனக்கு எத்தனை தரம் இப்படி நடந்தது' என்று கேட்கிற முறை. இரண்டு வருடத்தில் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது என்று அவருடைய முடிவு.

இனிச் சொல்லப்போறதுதான் பெரும்பாலானோர் சொல்லாமல் விடுகிறது. பக்கத்தில் ரோகலாந்து என்று ஒரு மாகாணம். அங்கேயும் அதே தேசிய இயக்கம், அதே புத்தகம், அதே காணொளி. ஆனால் பொதியை அனுப்பிப்போட்டு விட்டுவிட்டார்கள், பள்ளிகளோடு கூட நின்று வேலைசெய்ய ஆள் இல்லை. மூன்று வருடம் கழித்து எர்லிங் ருலாண்ட் என்ற ஆய்வாளர் போய்ப் பார்த்தபோது அங்க குறையவே இல்லை. ஆண்பிள்ளைகளிடம் கொஞ்சம் கூடியும் இருந்தது.

அதனால் 'நோர்வேத் திட்டம்' என்று யாரும் பெட்டியில் வைத்து விற்றால், எந்த நோர்வே, பேர்கனா ரோகலாந்தா என்று கேளுங்கோ.

என்ர மகனுக்கு ஏழாம் வகுப்பில் ஒரு பிரச்சினை வந்தது. வீட்டில் வாய் திறக்கவில்லை. அந்தத் தாளில்தான் முதலில் எழுதியிருக்கிறான். பேர் இல்லாத தாள், ஆனால் 'எந்த இடத்தில்' என்ற கேள்விக்கு அவனோடு இன்னும் பலர் உடுப்பு மாற்றும் அறை என்று போட்டிருந்தார்கள். பள்ளி அந்த அறைக்கு ஒரு ஆளை நிறுத்தியது. எல்லாம் முடிந்து இரண்டு வருடத்துக்குப் பிறகுதான் எங்களுக்கே சொன்னவன்.

#9 தாமிரபரணிக்கரை

அக்கா, 'எந்த இடத்தில்' என்ற கேள்வியைக் குறித்துவைத்துக்கொண்டேன். எங்கள் பள்ளியில் அது சைக்கிள் நிறுத்தும் இடமாக இருக்கும்.

#10 ஏரிக்கரைக்காரன்

சிகாகோவிலிருந்து எழுதுகிறேன். மதுரைப் பக்கம் பிறந்தவன், இங்கே வந்து 19 வருடம். இங்கே துப்பாக்கி இருப்பதால் பள்ளி வன்முறை என்றாலே வேறு பயம். ஆனால் பையன்கள் சண்டைக்குப் போகும் கணம் எல்லா ஊரிலும் ஒன்றுபோலத்தான் இருக்கிறது.

இங்கே 'பிகமிங் எ மேன்' என்று ஒரு திட்டம். யூத் கைடன்ஸ் என்ற அமைப்பு நடத்துகிறது. ஏழாம் வகுப்பிலிருந்து மேலே உள்ள பையன்கள், வாரம் ஒரு மணிநேரம், பள்ளி நேரத்திலேயே, பத்துப் பன்னிரண்டு பேர் வட்டமாக உட்கார்வார்கள். அதில் ஒரு பயிற்சி. இரண்டிரண்டு பேராகப் பிரித்து ஒருவன் கையில் ஒரு பந்தைக் கொடுத்து மூடிக்கொள்ளச் சொல்வார்கள். மற்றவனுக்கு 30 விநாடி, அந்தப் பந்தை வாங்க வேண்டும். உடனே இழுபறி, தரையில் உருளுவது, கையை முறுக்குவது. நேரம் முடிந்ததும் நடத்துபவர் கேட்பார்: யாராவது 'பந்தைக் கொடு' என்று கேட்டுப் பார்த்தீர்களா? ஒருவனும் கேட்டிருக்க மாட்டான். கேட்டிருந்தால் கொடுத்திருப்பாயா என்று பந்து வைத்திருந்தவனைக் கேட்டால், கொடுத்திருப்பேன், இது வெறும் பந்துதானே என்பான். இந்தப் பயிற்சியைப் பற்றித் தெரிந்துகொண்டதிலிருந்து என் இரண்டு மகன்களோடு பேசும் விதமே மாறிவிட்டது.

சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்கூடம் இதைக் குலுக்கல் முறையில் இரண்டு முறை அளந்தது. 2009-10-இல் ஒன்று, 2013-15-இல் இன்னொன்று. திட்டம் நடக்கும் காலத்தில் வன்முறைக் குற்றத்துக்காகக் கைதாவது 45 முதல் 50 சதவீதம் குறைந்தது. ஒபாமாவே 2013-இல் அந்தப் பையன்களோடு வந்து உட்கார்ந்தார். பெரிய அங்கீகாரம்.

ஆனால் அதே ஆய்வில் இன்னொரு வரியும் இருக்கிறது. திட்டம் முடிந்த பிறகு கைது எண்ணிக்கையில் அந்த வித்தியாசம் நிலைக்கவில்லை. அதை ஆய்வாளர்கள் மறைக்காமல் அச்சிலேயே போட்டிருக்கிறார்கள். எனக்கு அவர்கள் மேல் மரியாதை வந்ததே அதனால்தான். மருந்து நிறுத்தினால் சர்க்கரை ஏறுகிற மாதிரி, இதையும் தொடர்ந்து கொடுக்க வேண்டுமோ என்று நினைத்துக்கொள்வேன்.

#11 தறிவீடு

எனக்கு ஆய்வெல்லாம் தெரியாது. இரண்டு பிள்ளைகளின் அம்மா. ஒன்று கேட்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். குலுக்கல் போட்டு இந்தப் பள்ளிக்கு உண்டு, அந்தப் பள்ளிக்கு இல்லை என்பது எப்படி நியாயம்? என் பையன் 'இல்லை' பள்ளியில் இருந்தால் அவனை அடிக்க விட்டுவிட்டுக் கணக்கு எடுப்பீர்களா?

இன்னொன்று. எங்கள் அக்கா மகன் சென்னையில் படிக்கிறான், அவன் பள்ளியில் போலீஸ் நடத்தும் 'சிற்பி' வகுப்பு இருந்தது. சீருடை போட்டுக்கொண்டு மிகுந்த ஆசையாகப் போனான். அதெல்லாம் பயன் இல்லையா?

#12 வேப்பங்காற்று

தறிவீடு அக்கா, இது தப்பான கேள்வி இல்லை, எல்லாரும் கேட்க வேண்டிய கேள்வி.

முதலாவதற்கு: ஐநூறு பள்ளி இருக்கிறது, இந்த வருடப் பணம் ஐம்பதுக்குத்தான் வரும் என்று வைத்துக்கொள்வோம். இப்போது அந்த ஐம்பதை யார் தேர்ந்தெடுக்கிறார்கள்? சிபாரிசு, அமைச்சர் தொகுதி, சாலையோரப் பள்ளி, சுறுசுறுப்பான தலைமையாசிரியர். கடைசி இரண்டும் பார்க்க நல்லதுபோல இருக்கும். ஆனால் சுறுசுறுப்பான தலைமையாசிரியர் இருக்கும் பள்ளியில் எந்தத் திட்டமும் இல்லாமலேயே சண்டை குறையும், பெயர் திட்டத்துக்குப் போய்விடும். குலுக்கலில் எல்லாப் பள்ளிக்கும் ஒரே வாய்ப்பு. இந்த வருடம் விட்டுப்போன பள்ளிக்கு அடுத்த வருடம், அதுவும் வேலைசெய்கிறது என்று தெரிந்த பிறகு. ஆனால் கேட்கும்போது ஒரு பிள்ளை ஆபத்தில் இருப்பது தெரிந்தால் எந்தப் பிரிவாக இருந்தாலும் உடனே உதவ வேண்டும். அதில் மாற்றுக் கருத்தே இல்லை.

இரண்டாவதற்கு: 2022 செப்டம்பரில் சென்னையில் 100 பள்ளிகளில், பள்ளிக்கு 50 பேர் என்று தொடங்கியது சிற்பி. ஆசையாகப் போனான் என்பது பெரிய விஷயம். அதைக் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் ஆசையும் விளைவும் ஒன்றா என்பதைத் தனியாகப் பார்த்தாக வேண்டும். இதற்கு இரண்டு பழைய கதை சொல்கிறேன்.

ஒன்று, அமெரிக்காவின் 'டேர்'. 1983-இல் லாஸ் ஏஞ்சலஸ் போலீஸ் தொடங்கியது, போதைப் பழக்கத்தைத் தடுக்க. சீருடை போட்ட அதிகாரி வகுப்புக்கு வருவார். பிள்ளைகளுக்கு, பெற்றோருக்கு, ஆசிரியருக்கு எல்லாருக்கும் பிடித்திருந்தது. நாடு முழுக்கப் பரவியது. அளந்து பார்த்தவர்கள் மாறி மாறி ஒன்றையே சொன்னார்கள்: போதைப் பழக்கம் குறையவில்லை. கொலம்பைன் பள்ளித் துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு, 2001-இல் அமெரிக்கத் தலைமை மருத்துவர் டேவிட் சாட்சர் இளையோர் வன்முறை பற்றி ஒரு அறிக்கை வெளியிட்டார். அதில் திட்டங்களை முன்மாதிரியானவை, நம்பிக்கை தருபவை, வேலைசெய்யாதவை என்று மூன்றாகப் பிரித்தார்கள். டேர் மூன்றாவதில் இருந்தது. இப்படி வெளிப்படையாக 'இது வேலைசெய்யாது' என்று அரசே எழுதுவது எவ்வளவு அரிது என்று யோசித்துப் பாருங்கள்.

இரண்டாவது கதைதான் என்னைத் தூங்கவிடாதது. பாஸ்டனுக்குப் பக்கத்தில் கேம்பிரிட்ஜ், சாமர்வில் என்று இரண்டு ஊர். 1939-இல் ஐநூறுக்கும் மேற்பட்ட சிறுவர்களை இரண்டிரண்டு பேராகச் சோடி சேர்த்து, நாணயம் சுண்டி, ஒருவனுக்கு உதவி, மற்றவனுக்கு இல்லை என்று தொடங்கினார்கள். உதவி கிடைத்த பையன்களின் வீட்டுக்கு ஆலோசகர் போவார், பாடம் சொல்லித்தர ஏற்பாடு, மருத்துவர், கோடை முகாம், எல்லாம் பல வருடம். முப்பது வருடம் கழித்து ஜோன் மக்கோர்ட் என்ற ஆய்வாளர் அவர்களைத் தேடிப் பிடித்துக் கேட்டார். மூன்றில் இரண்டு பங்கு பேர் 'அந்த உதவி எனக்குப் பயன்பட்டது' என்று நன்றியோடு சொன்னார்கள். ஆனால் பதிவேடுகளைப் பார்த்தால் உதவி கிடைத்தவர்களின் நிலை மற்றவர்களைவிட எந்த விதத்திலும் நன்றாக இல்லை. குடிப்பழக்கம், மனநோய், சீக்கிரச் சாவு போன்ற சிலவற்றில் மோசமாகவே இருந்தது.

நல்ல மனதோடு, நிறையச் செலவு செய்து, வாங்கியவர்களே நன்றி சொன்ன ஒரு உதவி தீங்கு செய்திருக்கிறது. சோடியில் இன்னொருவன் இல்லாமல் போயிருந்தால் இது யாருக்கும் தெரியாமலே போயிருக்கும்.

#13 ஏரிக்கரைக்காரன்

வேப்பங்காற்று சொன்ன 2001 அறிக்கை வந்த அதே வருடம் இங்கே கல்வித் துறையின் நிபுணர் குழுவும் பட்டியல் போட்டது. 9 திட்டம் முன்மாதிரி, 33 நம்பிக்கை தருபவை. கொலராடோ பல்கலைக்கழகத்தில் டெல்பர்ட் எலியட் 1996-இல் தொடங்கிய 'புளூபிரின்ட்ஸ்' பட்டியல் அதைவிடக் கறார். முன்மாதிரி என்ற பெயர் வேண்டுமென்றால் ஒப்பீட்டுக் குழுவோடு நல்ல ஆய்வு வேண்டும், வேறு இடத்திலும் திரும்பச் செய்து அதே பலன் வர வேண்டும், திட்டம் முடிந்து ஒரு வருடம் கழித்தும் பலன் தங்க வேண்டும். ஒல்வேயஸ் திட்டமே அங்கே முதலில் முன்மாதிரியாக இருந்து, பிற்பாடு ஒரு படி கீழே இறக்கப்பட்டது.

இது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். நம் ஊரில் ஒருமுறை கொடுத்த விருதைத் திரும்பப் பார்த்ததாக எங்காவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா? கேடயத்தில் ஒரு காலாவதித் தேதி போட வேண்டும். அடுத்த வருடம் மறுபடி கேட்டுப் பார்த்துத்தான் புதுப்பிக்க வேண்டும்.

அதற்காகப் பட்டியலையே நம்பி உட்காரவும் முடியாது. ரிச்மண்டில் நன்றாக வேலைசெய்த ஒரு வகுப்புப் பாடத்தையும் இன்னொரு பள்ளி அளவிலான திட்டத்தையும் சேர்த்து 40 நடுநிலைப் பள்ளிகளில் கல்வித் துறையின் ஆய்வுப் பிரிவு குலுக்கல் முறையில் அளந்தது. மூன்று வருட முடிவு 2011-இல் வந்தது. வன்முறை குறையவில்லை.

#14 மழைநகர்

பின்லாந்தின் 'கீவா' திட்டத்தையும் ஒருக்கா சொல்லவேண்டும். துர்க்கு பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டினா சல்மிவல்லி செய்தது. 2007-இல் தொடங்கி முதலில் ஒப்பீட்டுப் பள்ளிகளோடு அளந்தார்கள், 2009-இல் ஐரோப்பியக் குற்றத்தடுப்பு விருது கிடைத்தது, நாடு முழுக்கப் போனது. நாடு முழுக்கப் போனபோது பலன் கொஞ்சம் சிறுத்தது, ஆனால் இருந்தது. அடிப்பவனையும் அடிவாங்குகிறவனையும் மட்டும் பார்க்காமல், சுற்றி நின்று பார்க்கிற பிள்ளைகளை மாற்றுகிறதுதான் அதன் அடிப்படை. தாமிரபரணி சார், உங்கட வகுப்பில் 'எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும்' என்று எழுதினீங்கள் அல்லவா, அந்தப் பிள்ளைகள்தான்.

#15 கைவிளக்கு

குழந்தை உரிமைப் பணியில் இருக்கிறேன். எல்லாரும் 'பிள்ளைகளிடம் கேளுங்கள்' என்கிறீர்கள். சரி, கேட்ட பிறகு?

உகாண்டாவில் 'நல்ல பள்ளி' என்று ஒரு திட்டம், ரெய்சிங் வாய்சஸ் அமைப்பினுடையது. லுவேரோ மாவட்டத்தில் 42 தொடக்கப் பள்ளிகளில் அளந்து 2015-இல் வெளியிட்டார்கள். அவர்கள் அளந்த முதல் விஷயம், பிள்ளை பிள்ளையை அடிப்பதை அல்ல, ஆசிரியர் பிள்ளையை அடிப்பதை. கடந்த ஒரு வாரத்தில் பள்ளி ஊழியர் கையால் அடிவாங்கியவர்கள், திட்டம் இல்லாத பள்ளிகளில் 48.7 சதவீதம், திட்டம் நடந்த பள்ளிகளில் 31 சதவீதம். இன்னும் அதிகம்தான், ஆனால் எவ்வளவு பெரிய இறக்கம்!

அந்தக் கணக்கெடுப்பின்போது பிள்ளைகள் சொன்னதை வைத்து 434 குழந்தைகளைப் பாதுகாப்புச் சேவைகளுக்கு அனுப்ப வேண்டியிருந்தது. கேட்கப் போகும்போதே அதற்கு ஏற்பாடு செய்துகொண்டு போனார்கள்.

நீங்கள் தாள் கொடுக்கும் நாளில் ஒரு பிள்ளை பாலியல் தொல்லை பற்றி எழுதினால், போக்சோ சட்டப்படி தெரிந்துகொண்ட பெரியவர் புகார் கொடுத்தே ஆகவேண்டும். மறைத்தால் அதுவே குற்றம். அதனால் தாளின் அடியில் குழந்தைகள் உதவி எண் 1098, கல்வி உதவி எண் 14417 இரண்டும் இருக்கட்டும். பேச விரும்பும் பிள்ளை அன்றைக்கே போய்ப் பேச ஒரு ஆள், ஒரு அறை இருக்கட்டும். பெயர் எழுதச் சொல்லாதீர்கள், பிரிவு எழுதச் சொல்லாதீர்கள், சாதியை எழுதச் சொல்லவே சொல்லாதீர்கள். நாங்குநேரியில் விஷயம் வெளியே வந்த பிறகுதான் அரிவாள் வந்தது என்று முதல் பதிவிலேயே எழுதியிருக்கிறார்கள். சொன்னது யார் என்று தெரிந்துவிடும் என்ற பயம் அந்தப் பிள்ளைகளுக்கு வெறும் கற்பனை கிடையாது.

தாமிரபரணி சார், உங்கள் தாளில் ஆசிரியர் அடிப்பது பற்றியும் ஒரு கேள்வி இருக்குமா? கல்வி உரிமைச் சட்டம் 2009-லேயே தடைசெய்ததுதான். ஆனால் நாம் கையை ஓங்கிக்கொண்டே பிள்ளைகளிடம் அடிக்காதே என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

#16 தாமிரபரணிக்கரை

இருக்கும். நானும் ஒருமுறை ஓங்கியிருக்கிறேன். அந்தக் கேள்வியை விட்டுவிட்டு மற்றதைக் கேட்க எனக்கு முகம் இல்லை.

உங்கள் எல்லாருக்கும் நன்றி. இரண்டு நாளாக இதையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன். தலைமையாசிரியரிடம் பேசினேன். முதலில் 'இருக்கிற தலைவலி போதாதா சார்' என்றார். மணியோசை ஐயாவின் பதிவை அவரிடம் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், முடிவு பள்ளியை விட்டு வெளியே போகாது, யாருக்கும் படிவம் அனுப்புவதற்கு இல்லை, நமக்காக மட்டும் என்றால் செய்யலாம் என்றார். அதற்கே நான் தயார். ஒரே பள்ளியில் எடுத்து எதையும் நிரூபிக்க முடியாது என்பது புரிகிறது. குறைந்தபட்சம் எங்கே நிற்கிறோம் என்று தெரியட்டும். பக்கத்துப் பள்ளி ஆசிரியர் ஒருவரும் ஆர்வமாக இருக்கிறார், அங்கேயும் அதே வாரம் எடுத்தால் ஒப்பிட ஏதாவது கிடைக்கும்.

வரைவு இது. எட்டு, ஒன்பது, பதினொன்றாம் வகுப்பு. எல்லாவற்றுக்கும் டிக் மட்டும், எழுத்து இல்லை. 'கடந்த இரண்டு மாதத்தில்' என்று தொடங்கி: உன்னை யாராவது அடித்தார்களா, தள்ளினார்களா? பட்டப்பெயரோ சாதியோ சொல்லித் திட்டினார்களா? உன்னை விலக்கி வைத்தார்களா? நீ யாரையாவது அடித்தாயா? ஆசிரியர் உன்னை அடித்தாரா? இவை எங்கே நடந்தன (வகுப்பறை, கழிப்பறைப் பக்கம், சைக்கிள் நிறுத்தம், விளையாட்டுத் திடல், பேருந்து, கைபேசி)? யாரிடமாவது சொன்னாயா? சொன்ன பிறகு குறைந்ததா, கூடியதா?

ஆறு மாதம் கழித்து இதே தாளை மறுபடி கொடுப்போம். நடுவில் என்ன செய்வது என்பது இனிமேல்தான். 'மாணவர் மனசு' பெட்டியை மட்டும் நாளைக்கே நூலகத்துக்குள் மாற்றுகிறோம். அங்கே எல்லாரும் போவார்கள், யார் எதற்குப் போகிறார்கள் என்று தெரியாது.

#17 வேப்பங்காற்று

நல்ல தாள். ஒரே ஒரு எச்சரிக்கை. ஆறு மாதம் கழித்துப் பெட்டியில் சீட்டு அதிகமாக விழுந்தால் பயப்படாதீர்கள், தலைமையாசிரியரிடமும் இப்போதே சொல்லிவையுங்கள். சொல்லும் தைரியம் வரும்போது புகார் முதலில் ஏறும். அடிவாங்கியது குறைந்ததா என்பதை டிக் தாளில் பாருங்கள், பெட்டியில் பார்க்காதீர்கள்.

#18 மழைநகர்

இரண்டாவது கேள்வியைப் பிரியுங்கோ. பட்டப்பெயர் வேறு, சாதி வேறு. ஒன்றாகக் கேட்டால் எது நடந்தது என்று தெரியாது. அப்புறம் 'நீ பார்த்தாயா, பார்த்தபோது என்ன செய்தாய்' என்று ஒன்று சேருங்கோ.

#19 தறிவீடு

எங்கள் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் நான் உறுப்பினர். இந்தத் தாளை அடுத்த கூட்டத்தில் கொண்டுபோகலாமா சார்?

#20 தாமிரபரணிக்கரை

தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள் அம்மா. மழைநகர் அக்கா சொன்ன திருத்தத்தோடு நாளை முழுத்தாளையும் இங்கே போடுகிறேன்.

#21 பழைய மணியோசை

ஒன்று யோசித்தீர்களா? தாளை நீங்களே வாங்கினால் பிள்ளைகள் உண்மையை எழுதமாட்டார்கள். டிக் போட்டாலும் எந்த பெஞ்சிலிருந்து வந்தது என்று சார் பார்ப்பார் என்றே நினைப்பார்கள். அந்த ஒரு மணிநேரம் பள்ளி ஆசிரியர் யாரும் வகுப்பறைக்குள் இருக்கக் கூடாது. வெளியாள் ஒருவர் தாளைக் கொடுத்து, பிள்ளைகளையே உறையில் போடச் சொல்லி, அவர்கள் கண்முன்னே ஒட்டி எடுத்துக்கொண்டு போக வேண்டும்.

எனக்கு இப்போது வேலை ஒன்றும் இல்லை. உங்கள் பகுதிக்கு எங்கள் ஊரிலிருந்து காலை 7.40-க்கு நேர் பேருந்து இருக்கிறது. தேதியை மட்டும் தனிமடலில் சொல்லுங்கள், உறையும் பசையும் நான் வாங்கிக்கொண்டு வருகிறேன்.